யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்? – போர்ச் செய்திகள் குறித்த வாசகர் கேள்விகள்

போர்ச் செய்திகளின் நம்பகத்தன்மை பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, செய்தி சரிபார்ப்புப் பணியில் இருப்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கே: 2025 மே 8 இரவு, இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது, நம் கடற்படை கராச்சி துறைமுகத்தை அழித்துவிட்டதாக டெல்லி சேனல்கள் பலவும் விடிய விடியக் காட்டின. காலையில் பார்த்தால் அப்படி எதுவும் நடக்கவில்லை. இத்தனை பெரிய நிறுவனங்கள் எப்படி ஒரே சமயத்தில் தவறின?
– வாசகர், திண்டுக்கல்

ப: எந்தச் சேனலும் தனியாகச் செய்தி திரட்டவில்லை. அதனால்தான் எல்லாம் சேர்ந்து தவறின. கராச்சியில் நின்று பார்த்துச் சொல்ல அவற்றுக்கு ஆள் கிடையாது. வாட்ஸ்அப் குழுக்களிலும் எக்ஸ் தளத்திலும் சுற்றியதை ஒரு சேனல் எடுத்துப் போட்டது; அது போட்டுவிட்டதே என்று அடுத்தது போட்டது. கராச்சித் துறைமுக நிர்வாகத்தின் எக்ஸ் கணக்கில் ‘சேதம்’ என்று ஒரு பதிவு வந்தபோது அதையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று நிர்வாகம் பின்னர் அறிவித்தது. எரியும் கராச்சி என்று பரவிய வீடியோக்களில் ஒன்று, அதே ஆண்டு ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விமானம் விழுந்தபோது எடுத்தது.

மே 11 அன்று கடற்படை நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத் பத்திரிகையாளர்களிடம் பேசினார். கராச்சி உட்பட, கடலிலும் நிலத்திலும் தேர்ந்தெடுத்த இலக்குகளைத் தாக்க முழுத் தயார் நிலையில் இருந்தோம் என்றார். தயாராக இருந்தோம் என்றார். தாக்கினோம் என்று சொல்லவில்லை. அழிந்துவிட்டதாக அறிவித்த சேனல்களுக்கு கடற்படையே தந்த பதில் அது.

அன்றிரவே பத்து நிமிடத்தில் செய்திருக்கக்கூடிய சோதனைகள் உண்டு. சரக்குக் கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஏ.ஐ.எஸ். என்ற கருவி மூலம் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். மரைன்டிராஃபிக் போன்ற தளங்களில் யாரும் அதைப் பார்க்கலாம். துறைமுகம் எரிந்தால் கப்பல்கள் கும்பலாக விலகுவது அதில் தெரியும். நாசாவின் ஃபிர்ம்ஸ் தளம், செயற்கைக்கோள் கண்ட வெப்பப் புள்ளிகளை ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் வரைபடத்தில் போடுகிறது. மேகம் மறைத்தாலோ, செயற்கைக்கோள் கடந்து போன பிறகு தீப்பிடித்தாலோ அதில் வராது. ஆகவே புள்ளி இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் கராச்சி கோடிக்கணக்கானோர் வாழும் நகரம். அதன் துறைமுகம் பற்றி எரிந்தால் வெவ்வேறு மாடிகளிலிருந்து, வெவ்வேறு கோணங்களில் நூறு வீடியோக்கள் வந்திருக்க வேண்டும். ஒரே வீடியோவையே நூறு பேர் பகிர்ந்துகொண்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இந்திய விமானங்களை வீழ்த்தியதற்கு என்ன ஆதாரம் என்று சி.என்.என். கேட்டபோது, சமூக வலைதளங்களில் எல்லாம் இருக்கிறதே என்றார் பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. மே 7 சண்டையில் விமான இழப்பு ஏற்பட்டது உண்மை. எண்ணிக்கை சொல்லாமல் அதை நம் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் ஒப்புக்கொண்டது மே 31 அன்று, சிங்கப்பூரில். நடக்காத கராச்சிக்கு ஓர் இரவு முழுக்க ஒளிபரப்பு கிடைத்தது. நடந்த இழப்பை அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொள்ள நாம் 24 நாள் காத்திருந்தோம். ஆறு விமானம் என்ற பாகிஸ்தானின் கணக்கை அவர் மறுத்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கே: ‘பெயர் குறிப்பிட விரும்பாத மூத்த அதிகாரி’ என்று வந்தால் நம்பவே கூடாதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் அரசு மறைக்கும் எதுவுமே வெளிவராது. பெயர் மறைப்பு தவறல்ல. அதிகாரி தகவலை எப்படி அறிந்தார் என்பதையும் சேர்த்து மறைப்பதுதான் தவறு.

2022 நவம்பர் 15 அன்று, உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்து கிராமமான ப்ஷெவோடுஃபில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தனர். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் பாய்ந்தன என்று ஏ.பி. செய்தி நிறுவனம் அவசரச் செய்தி விட்டது. ஆதாரம், மூத்த அமெரிக்க உளவு அதிகாரி ஒருவர். போலந்து, நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடு. அதைத் தாக்கினால் மொத்தக் கூட்டணியும் போருக்கு இழுக்கப்படலாம். உலகம் முழுக்க அந்தச் செய்தி ஓடியது. ரஷ்ய ஏவுகணையை இடைமறிக்க உக்ரைன் ஏவிய வான்பாதுகாப்பு ஏவுகணையாகவே அது இருக்கும் என்று மறுநாள் போலந்தும் நேட்டோவும் கூறின. ஏ.பி. செய்தியைத் திரும்பப் பெற்றது. நிருபரை வேலையிலிருந்து நீக்கியது. ஆதாரம் ஒரே ஒருவர் என்பதும், அதைத் தாண்டி உறுதிப்படுத்தாமலே வெளியிட்டார்கள் என்பதும் தெரியவந்தது. உளவு அதிகாரி என்பவர் தன் கண்ணால் பார்த்தாரா, ராடார் பதிவைப் படித்தாரா, அலுவலகத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டாரா? செய்தியைப் படித்தவருக்கு அதை அறிய வழியே இல்லை.

இதைவிட ஆபத்தானது, ஒரே ஆதாரம் இரண்டாக வேடம் போடுவது. 2002 செப்டம்பர் 8 அன்று நியூயார்க் டைம்ஸ், இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்காக யுரேனியம் செறிவூட்டுவதற்கானவை என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி முதல் பக்கத்தில் எழுதியது. அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் அந்தப் பத்திரிகைச் செய்தியைச் சுட்டிப் பேசினார். நிர்வாகத்திலிருந்து கசிந்த தகவல், பத்திரிகை வழியாக நிர்வாகத்துக்கே சாட்சியாகத் திரும்பிவந்தது. குழாய்கள் 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளுக்கானவை என்று அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் அப்போதே சொல்லியிருந்தார்கள். அதுதான் உண்மை என்று பின்னர் உறுதியானது. அமெரிக்க நாளிதழ்க் குழுமமான நைட் ரிடரின் நிருபர்கள் அமைச்சர்களை விட்டுவிட்டு, கோப்புகளைக் கையாண்ட நடுத்தர நிலை அதிகாரிகளிடம் கேட்டார்கள். அவர்களுடைய செய்திகளிலும் பெயர் இல்லாத அதிகாரிகள்தான் பேசினார்கள். செய்திகள் சரியாக இருந்தன. டைம்ஸ் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டது 2004 மே 26 அன்று. இராக் போர் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது.

ஆகவே ‘பாதுகாப்பு வட்டாரங்கள்’ என்று பார்த்தால் நான்கு விவரம் தேடுங்கள்: எந்தத் துறை, தகவல் அவர் கைக்கு எப்படி வந்தது, பெயர் சொல்லாததற்கு என்ன காரணம், இது வெளியானால் யாருக்கு லாபம். நான்கில் ஒன்றுகூட இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கே: 2009இல் இலங்கையின் வன்னியில் நடந்த இறுதிப் போரில் இறந்த மக்களின் எண்ணிக்கையை ஏழாயிரம் என்கிறார்கள், நாற்பதாயிரம் என்கிறார்கள், ஒன்றரை லட்சம் என்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு ஏன்? எதைத்தான் ஏற்பது?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: அவை ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள் அல்ல. ஒவ்வோர் எண்ணும் வேறொன்றை எண்ணியது. அதைப் பிரித்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் ‘பலி எண்ணிக்கை’ என்றே பத்திரிகைகள் எழுதிவந்ததால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் பின்னணி. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு சொன்னது. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் அனுமதி இல்லை. அதன் பிறகு உலகம் படித்த வன்னிச் செய்திகளில் பெரும்பகுதி கொழும்பில் உட்கார்ந்து எழுதப்பட்டது. ஒரு பக்கம் பாதுகாப்பு அமைச்சு, மறுபக்கம் புலிகள் சார்பு இணையதளங்கள். 2009 ஜனவரி 8 அன்று கொழும்பு வார இதழான சண்டே லீடரின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்ட பிறகு கொழும்பிலும் கேள்வி கேட்கும் குரல் குறைந்தது.

7,721 என்பது ஐ.நா.வின் இலங்கை அலுவலகம் 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை தொகுத்த எண். உள்ளே சிக்கியிருந்த ஐ.நா.வின் உள்ளூர்ப் பணியாளர்கள், மருத்துவர்கள் முதலானோர் தொலைபேசியில் தந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொருந்தியதை மட்டும் சேர்த்தார்கள். காயமடைந்தோர் 18,479. இது யாரோ பார்த்து, சொல்லி, உறுதியான மரணங்களின் எண்ணிக்கை. பதுங்குகுழிக்குள் புதைந்துபோன குடும்பங்கள் இதில் வராது. கணக்கு நின்ற மே 13க்குப் பிறகுதான், போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்கள். போர் நடந்தபோது இந்த எண்ணை ஐ.நா. வெளிப்படையாக அறிவிக்கவும் இல்லை.

40,000 என்பது ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்று நம்பத்தகுந்தவர்கள் மதிப்பிட்டிருப்பதாகவும், அதைத் தள்ளிவிட முடியாது என்றும் குழு எழுதியது. ‘வரை இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டு ‘நாற்பதாயிரம் பேர் கொல்லப்பட்டனர் என ஐ.நா. உறுதி’ என்று தலைப்புப் போட்டால், மறுக்க நினைப்பவருக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறோம். 70,000 என்பது ஐ.நா. தன் செயல்பாட்டைத் தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் வருகிறது. அது கணக்கில் வராமல் போனவர்களைப் பற்றியது.

1,46,679 என்பது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கேள்வி. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் பதிவின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059. 2009 ஜூலையில் ஐ.நா. கணக்குப்படி அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 2,82,380. மீதிப் பேர் எங்கே என்று அரசுதான் சொல்ல வேண்டும் என்றார் ஆயர். இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர், பதிவில்லாமல் வெளியேறியவர், கச்சேரிக் கணக்கில் இருந்திருக்கக்கூடிய பிழை எல்லாம் இந்தக் கழித்தலுக்குள் அடங்கும். இதைச் சாவு எண்ணிக்கை என்று எழுதுவது ஆயர் சொன்னதை மாற்றுவதாகும். அவர் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை என்று எழுதுவதே சரி.

இன்னொரு பக்கம் அரசு. பொதுமக்களுக்குச் சேதமே இல்லாத மீட்பு நடவடிக்கை என்று அது தொடர்ந்து சொல்லிவந்தது. 2009 ஏப்ரல் இறுதியில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சி.என்.என்.னிடம், போர்ப் பகுதிக்குள் இருப்போர் ஐயாயிரம், மிஞ்சினால் பத்தாயிரம் என்றார். அடுத்த மூன்று வாரங்களில் மக்கள் அடைபட்டிருந்த கடலோரத் துண்டு நிலத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அதைப் போல் பல மடங்கு. மக்கள்தொகையைக் குறைத்துச் சொன்னால் அனுப்ப வேண்டிய உணவும் மருந்தும் குறையும், இறந்தவர்களும் கணக்கிலிருந்து மறைவார்கள். ஓர் எண் எதற்குப் பயன்படுகிறது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

வன்னி மருத்துவர்களின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். போரின்போது வெளியுலகுக்குத் தொலைபேசியில் தகவல் தந்தவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் கைதாகி, 2009 ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டார்கள். புலிகளின் அழுத்தத்தால் மிகைப்படுத்திச் சொன்னோம் என்றார்கள். பல ஏடுகள் ‘மருத்துவர்கள் மறுப்பு’ என்று மட்டும் போட்டன. அவர்கள் காவலில் இருந்தவர்கள் என்பது தலைப்பிலேயே வந்திருக்க வேண்டிய தகவல். புலிகளின் பகுதியிலும் அவர்கள் முழுச் சுதந்திரத்தோடு பேசியிருக்க முடியாது என்பதும் உண்மையே. இப்படிப்பட்ட இடத்தில், அவர்கள் வாயைச் சாராத சான்றைத் தேட வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு வன்னிக் கடலோரத்தில் உள்ள புதுமாத்தளன் பக்கத்திலிருந்து கப்பலில் ஏற்றிச்சென்ற ஆயிரக்கணக்கான காயமடைந்தோர் அப்படி ஒரு சான்று. செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த குண்டுக் குழிகள் இன்னொன்று.

தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதும், சிறுவர்களைக் கட்டாயமாகச் சேர்த்ததும் அதே நிபுணர் குழு அறிக்கையில் இருக்கின்றன. அரசின் குற்றத்துக்கு அந்த அறிக்கையைக் காட்டிவிட்டு இந்தப் பக்கங்களை மட்டும் தாண்டிப் போவது மக்களுக்குச் செய்யும் துரோகம். இறந்தவர்கள் அதே மக்கள்.

கே: பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று 2023இல்கூடச் செய்தி வந்ததே?
– வாசகர், தஞ்சாவூர்

ப: 2023 பிப்ரவரியில் உங்கள் ஊரில் பழ. நெடுமாறன் அப்படி அறிவித்தார். அறிவித்தார் என்பது மட்டுமே செய்தி. படம், குரல், இடம், நேரில் கண்டவர் என்று எதுவும் தரப்படவில்லை. புலிகளின் சர்வதேசத் தொடர்பாளராக இருந்த செல்வராசா பத்மநாதன், முதலில் மறுத்துவிட்டு, 2009 மே 24 அன்று மரணத்தை ஒப்புக்கொண்டார். மறுப்பதால் லாபமடையக்கூடிய தரப்பே ஒப்புக்கொண்டால் அந்த வாக்குமூலத்துக்கு எடை அதிகம்.

கே: தகவல்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு செய்தி ஒருதலைப்பட்சமாக இருக்குமா?
– ஆசிரியை, கோவை

ப: தாராளமாக. காசாச் செய்திகளில் தினமும் பார்க்கலாம். ஒரு தரப்பில் இறந்தவருக்குப் பெயர், வயது, குடும்பப் படம். மறு தரப்புக்கு எண் மட்டும். ஒரு தாக்குதலுக்குச் செய்தவர் பெயர் உண்டு; இன்னொன்றில் கட்டடம் தானாகவே இடிந்து விழும். கதையை எந்த நாளிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதும் ஒரு சார்புதான்.

‘ராணுவம் கூறியது’ என்று சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் தவறு. 2025 மார்ச் 23 அன்று ராஃபாவில் மருத்துவ உதவியாளர்கள், மீட்புப் பணியாளர்கள், ஐ.நா. ஊழியர் ஒருவர் என 15 பேரை இஸ்ரேலிய வீரர்கள் சுட்டுக் கொன்றனர். வாகனங்கள் முகப்பு விளக்கும் அவசர விளக்கும் இல்லாமல் சந்தேகத்துக்கிடமாக வந்தன என்றது ராணுவம். அதை அப்படியே மேற்கோளிட்டு எழுதிய செய்திகள் இலக்கணப்படி பிழையற்றவை. பிறகு, இறந்த ஒருவரின் கைபேசியில் இருந்த வீடியோ வெளியானது. ஆம்புலன்ஸ் அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தன, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ராணுவம் தன் முந்தைய கூற்றை மாற்றிக்கொண்டது. வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் காசாவுக்குள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் விடவில்லை. ஆகவே ராணுவத்தின் கூற்றைச் சரிபார்க்க வழியில்லை என்பதையும், அந்த வழியை அடைத்தது யார் என்பதையும் முதல் நாளே சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

மறுதிசையிலும் இதே அளவுகோல் வேண்டும். 2023 அக்டோபர் 17 இரவு அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நடந்த சற்று நேரத்தில், இஸ்ரேலியத் தாக்குதலில் 500 பேர் பலி என்று, ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ் இருந்த காசா சுகாதார அமைச்சகம் சொன்னதாகச் செய்தி பறந்தது. நெருப்பு அணையாத இடத்தில் அவ்வளவு விரைவில் யார் எண்ணியிருக்க முடியும்? அமைச்சகமே பின்னர் 471 என்றது. அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 வரை என்றது. தவறிப்போன பாலஸ்தீன ராக்கெட் என்று இஸ்ரேல் சொன்னது. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது, மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. ஹமாஸ் கூற்றைப் பெரிதும் நம்பிவிட்டோம் என்று நியூயார்க் டைம்ஸ் ஆறு நாளில் குறிப்பு வெளியிட்டது. இதை வைத்து அந்த அமைச்சகத்தின் எல்லா எண்களையும் பொய் என்பவர்கள் உண்டு. அதுவும் தவறு. பெயரும் அடையாள எண்ணுமாக அது வெளியிடும் பட்டியல் வேறு, வெடித்த கையோடு வரும் தோராய எண் வேறு.

கே: வாட்ஸ்அப்பில் வரும் போர் வீடியோவை நானே சரிபார்க்க முடியுமா? கைபேசி மட்டும்தான் இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

ப: முடியும். இரட்டை அம்புக்குறி போட்ட ஃபார்வர்டு என்றால் அது ஏற்கெனவே பல கை மாறிவந்தது. எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களை வாட்ஸ்அப் அழித்துவிடும். அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வீடியோவை மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் நெருப்பும் புகையும் உள்ள சட்டகம் (ஃபிரேம்) வேண்டாம். கட்டட விளிம்பு, பெயர்ப் பலகை, மலை, கோபுரம், பாலம் தெரியும் சட்டகமாக இருக்கட்டும். மேலே ஒட்டிய சேனல் லோகோவையும் எழுத்தையும் வெட்டிவிட்டு, கூகுள் லென்ஸில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் யாண்டெக்ஸ் என்ற தேடுபொறியில். அப்போதும் இல்லையென்றால் படத்தை இடம் வலமாகத் திருப்பித் தேடுங்கள், பழைய வீடியோவைப் புதிதாக்க அப்படிச் செய்வது வழக்கம். கிடைக்கும் முடிவுகளில் மிகப் பழைய தேதியைப் பாருங்கள். சம்பவத்துக்கு முந்தைய தேதி என்றால் வேலை முடிந்தது. பழைய பதிவு எதுவும் கிடைக்காதது மட்டும் உண்மைக்குச் சான்று ஆகாது.

வீடியோ கேம் காட்சிகளைத் தேடலில் பிடிப்பது கடினம். ஆர்மா 3 விளையாட்டைத் தயாரிக்கும் செக் நிறுவனமான போஹிமியா இன்டராக்டிவ், தன் விளையாட்டுக் காட்சிகள் போர்ச் செய்தியாக உலவுவதைப் பார்த்து 2022 நவம்பரில் அடையாளங்களை வெளியிட்டது. மங்கலான தரம், காரணமில்லாத கேமரா நடுக்கம், பெரும்பாலும் இருட்டு, ஒலி இல்லாமை, அசையும் மனிதர்கள் கண்ணில் படாமை, செயற்கையான புகை, இவைதான் அவை. உக்ரைனில் உலவிய அதே வகைக் காட்சிகள் 2025 மேயில் இந்திய-பாகிஸ்தான் மோதலின் பெயரிலும் உலவின. அந்த மாதம் பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் விமான இழப்பை ஒப்புக்கொள்வதாக, செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்கிய டீப்ஃபேக் வீடியோ ஒன்றும் வந்தது. இதற்கு உதடசைவை ஆராய்வதைவிட, பேச்சின் முழு நீளப் பதிவைத் தேடி அதே நிமிடத்தில் என்ன சொன்னார் என்று கேட்பது விரைவான வழி.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் நடத்தும் பி.ஐ.பி. ஃபேக்ட் செக் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். எதிரி நாட்டுப் புரளிகளை அது விரைவாக மறுக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் அது அரசின் அமைப்பு. அரசு சொன்னதை அது சரிபார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கே: நம் தமிழ் நாளிதழ்களில் மட்டும் என்ன குறை?
– வாசகி, சேலம்

ப: வெளிநாட்டுப் போர் என்றால் பெரும்பாலும் ஏஜென்சி செய்தியின் மொழிபெயர்ப்புதான். ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. பிரதியில் ‘சுயேச்சையாக உறுதிசெய்ய இயலவில்லை’ என்ற வரி அநேகமாக நடுவிலோ கடைசியிலோ இருக்கும். இடம் போதாதபோது துணை ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார். முதலில் போவது அந்த வரி. கூற்றைச் சொன்னவர் பெயரும் தலைப்பிலிருந்து போய்விடும். ஒரு தரப்பின் கூற்று அச்சேறும்போது நடந்த நிகழ்வாகிவிடுகிறது. சொன்னவர் பெயரைத் தலைப்பின் முதல் சொல்லாகப் போடுவது, சரிபார்க்கவில்லை என்பதை இரண்டாம் பத்திக்கு ஏற்றுவது, இந்த இரண்டையும் எந்த நாளிதழும் நாளையே தொடங்கலாம்.

கே: பொய்ச் செய்தி போட்ட சேனல் மீது சாதாரண ஆள் புகார் தர முடியுமா?
– வாசகர், வேலூர்

ப: தரலாம். ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் சேனலுக்கே எழுதுங்கள். சேனல், நிகழ்ச்சி, தேதி, நேரம், சொன்ன வாசகம், அது ஏன் தவறு என்பதற்கான சான்று, வீடியோ இணைப்பு எல்லாம் வேண்டும். ‘நாள் முழுக்கப் பொய் சொன்னார்கள்’ என்று பொதுவாக எழுதினால் தள்ளுபடி ஆகும். ஒரு வாசகத்தைப் பிடியுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், அந்தச் சேனல் செய்திச் சேனல்களின் சங்கமான என்.பி.டி.ஏ.வில் உறுப்பினராக இருந்தால் அதன் தர ஆணையமான என்.பி.டி.எஸ்.ஏ.வுக்கு 14 நாளுக்குள் போகலாம். உறுப்பினர் அல்லாத சேனல் என்றால், அது எந்தச் சுயஒழுங்கு அமைப்பில் இருக்கிறது என்று சேனலிடமே எழுதிக் கேளுங்கள். அச்சு ஏடுகளுக்கு இந்தியப் பிரஸ் கவுன்சில்: ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலோடு, நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள், மற்றவற்றுக்கு நான்கு மாதத்துக்குள். இதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும் இணைக்க வேண்டும். கவுன்சிலால் அபராதம் விதிக்க முடியாது, கண்டிக்கத்தான் முடியும். சேனல்களுக்கு என்.பி.டி.எஸ்.ஏ. அப்போது விதிக்கக்கூடியதாக இருந்த ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போதவே போதாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் கூறியது. அப்படியிருந்தும் எழுதுங்கள். புகார் ஏற்கப்பட்டால் அந்த வீடியோவை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிடுகிறது.